க்ரீம் பிஸ்கட்ட பிரிச்சா க்ரீம் ஏன் ஒரு பக்கமே போவுது? வீட்ல தெனம் பஞ்சாயத்து

குடமுருட்டி_அப்பா (பாபநாசம் பக்கம்), ஞாயிறு ராத்திரி 9:12

எல்லாருக்கும் வணக்கம். சின்ன விஷயந்தான், சிரிக்காம படிங்க. எனக்கு ரெண்டு புள்ளைங்க, பொண்ணு ஆறாவது, பையன் ரெண்டாவது. சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்ததும் அந்த ஓரியோ, கறுப்பு பிஸ்கட்டு, நடுவுல வெள்ள க்ரீம் வெச்சது, அதுல ஆளுக்கு ரெண்டுனு கணக்கு. அது வரைக்கும் பிரச்சன இல்ல. பாக்கெட்டுல கடைசியா ஒண்ணு மிஞ்சும் பாருங்க, அங்கதான் வெடிக்கும். ஆளுக்குப் பாதின்னு திருகிப் பிரிச்சா க்ரீம் மொத்தமும் ஒரு பக்கமே ஒட்டிக்கிட்டு வந்துடுது, இன்னொரு பக்கம் சுத்தமா மொட்டை. எங்க வீட்ல அதுக்குப் பேரே மொட்டைதான். மொட்டை யாருக்கு விழுதோ அவங்க அன்னிக்கு சோறு திங்க மாட்டாங்க.

நேத்து பையன் கேக்குறான், "நான் என்ன சாமிமலைக்கு வேண்டிக்கிட்டா இருக்கேன், எனக்கு மட்டும் எப்பவும் மொட்டை". வீட்டுக்காரம்மா அடக்க முடியாம சிரிச்சிட்டாங்க, அதுக்கு வேற தனியா ஒரு அழுகை. ரெண்டு பக்கமும் சமமா க்ரீம் வர்ற மாதிரி பிரிக்க ஏதாச்சும் வழி இருக்கா? மெதுவா திருகிப் பாத்தேன், வேகமா திருகிப் பாத்தேன், அப்படியே இழுத்தும் பாத்தாச்சு.

டபரா_செட் (கும்பகோணம்), 9:20

கத்தியால குறுக்க வெட்டுங்கண்ணே. பஞ்சாயத்து முடிஞ்சுது.

குடமுருட்டி_அப்பா, 9:26

வெட்டுனேன் தம்பி. மூணு துண்டும் ஒரு கை தூளும் வந்துச்சு. மூணாவது துண்டு யாருக்குன்னு புதுசா ஒரு சண்டை.

மன்னை_மளிகை (மன்னார்குடி), 10:05

சார் நான் கடைக்காரன், 30 வருஷமா கல்லால உக்காந்திருக்கேன், அதுக்கு முன்னாடி எங்கப்பா. இந்த மொட்டை சமாச்சாரம் ஓரியோவோட வந்ததில்ல. எங்கப்பா காலத்துல கடையில வரிசையா கண்ணாடி பாட்டில் இருக்கும், தகர மூடி போட்டு, அதுல ஒண்ணு ஆரஞ்சு க்ரீம் பிஸ்கட்டு, லூஸ்ல. டின்ல வரும், நாங்க பாட்டில்ல கொட்டி வெப்போம். ஸ்கூல் விட்டா பசங்க காசக் கையில இறுக்கிப் புடிச்சிக்கிட்டு வருவானுங்க, காசுல வேர்வை ஈரம் இருக்கும். ரெண்டு பேரு சேந்து ஒண்ணு வாங்குவானுங்க, கடை வாசல்லயே பிரிப்பானுங்க, ஒருத்தன் மொட்டையப் பாத்து கெட்ட வார்த்த பேசுவான், எங்கப்பா படிக்கல்லக் காட்டித் தொரத்துவாரு. டின் காலியாவும்போது அடியில ஒடஞ்சது கெடக்கும் பாருங்க, அதப் பொட்டலம் கட்டி பாதி வெலைக்குக் குடுப்போம். நெசத்துல அதுதான் ருசி, க்ரீம் எல்லாம் தூளோட கலந்து கெடக்கும், யாருக்கும் மொட்டை கெடையாது. அதனால என்னோட யோசன, ஒடச்சிப் போட்டு ஸ்பூன் குடுத்துடுங்க.

சம்பா_தாளடி (திருவாரூர்), 10:31

எல்லாம் சரி, ஆனா எதுக்கு இந்த அமெரிக்காக்காரன் பிஸ்கட்டு? நம்ம ஊரு போர்பன் இருக்குல்ல. நீளமா இருக்கு, நடுவுல ஒடச்சா ஆளுக்குப் பாதி, மொட்டையும் கெடையாது மொட்டு மொளைக்கவும் வேணாம். இவனுங்க நம்மளப் பாத்துதான் காப்பி அடிச்சது.

டபரா_செட், 10:38

போர்பன் நம்ம ஊரா? பேரக் கேட்டா சரக்கு மாதிரில்ல இருக்கு.

அக்ரஹாரம்_பேரன் (கும்பகோணம்), 10:50

சரக்கு இல்ல டபரா, அது ஃபிரான்ஸ்ல ஆண்ட ராஜ வம்சத்துப் பேரு. பிஸ்கட்டு லண்டன்ல பொறந்தது, பெர்மாண்ட்ஸி ஏரியாவுல பீக் ஃப்ரீன்னு ஒரு கம்பெனி 1910ல விட்டாங்க, அப்ப பேரு க்ரியோலா. பிரிட்டானியா அத இங்க 1955லேந்து விக்கறாங்க, அந்த பிரிட்டானியாவே 1892ல கல்கத்தாவுல ஆரம்பிச்சது. அதனால "நம்ம ஊரு"ங்கறது பாதிக்குப் பாதி நெசம்.

ஓரியோ காப்பிங்கறதும் நெசந்தான், ஆனா போர்பனப் பாத்து இல்ல. அமெரிக்காவுலயே ஹைட்ராக்ஸ்னு ஒண்ணு 1908லயே வந்துடுச்சு, அதே கறுப்பு, அதே வெள்ள க்ரீம். ஓரியோ 1912லதான் வருது, நியூயார்க்குல செல்சியா ஏரியா ஃபேக்டரி, நேஷனல் பிஸ்கட் கம்பெனி. ஆனா பாருங்க, முன்னாடி வந்தவன் தோத்தான். பேரு அப்படி. ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் ஒட்டி "தண்ணி மாதிரி சுத்தம்"னு அர்த்தம் வர வெச்சானுங்களாம், கேக்கறவனுக்கு பாத்ரூம் கழுவற ஆசிட் பேரு மாதிரி இருந்தா எவன் வாயில போடுவான். கடசில எல்லாரும் ஹைட்ராக்ஸத்தான் காப்பினு சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க. மூத்தவன் இருக்க எளையவனுக்குப் பட்டம் கட்டுன கத.

சம்பா_தாளடி, 10:58

சரி சரி ஒத்துக்கறேன். ஆனா போர்பன் மேல இருக்கற ஓட்டைய எண்ணி எண்ணித் திங்கற சொகம் இதுல வராது.

அக்ரஹாரம்_பேரன், 11:02

அந்த ஓட்ட அழகுக்கு இல்லைங்க, வேகும்போது ஆவி வெளிய போவ. இல்லாட்டி பூரி மாதிரி உப்பிக்கும், அப்பறம் எங்க க்ரீம் தடவறது.

சந்தடி சாக்குல நானும் ஒண்ணு கேக்கறேன். எங்க பாட்டிக்கு 84 வயசு, ஏகாதசி தவறாம இருக்கறவங்க. கொள்ளுப்பேரன் ஓரியோவ வாயில ஊட்ட வந்தான், பாட்டி வாய இறுக்கி மூடிக்கிட்டு கையாலயே சைகை காட்டறாங்க, இதுல முட்ட இருக்கா, கொழுப்பு இருக்கானு. யாருக்காச்சும் உறுதியாத் தெரியுமா?

லேப்_அக்கா (தஞ்சாவூர்), திங்கள் காலை 7:15

பாக்கெட்ட திருப்பினா பச்ச புள்ளி இருக்கும், சதுரத்துக்குள்ள. இங்க விக்கறது சைவந்தான், பாட்டிகிட்ட தைரியமா சொல்லுங்க. ஆனா பாட்டி சந்தேகப்பட்டதுல தப்பு இல்ல. அமெரிக்காவுல ஓரியோ க்ரீம்ல ரொம்ப வருஷம் பன்னிக் கொழுப்புதான் போட்டாங்க, 1990கள்லதான் அத எடுத்துட்டு தாவர எண்ணெய்க்கு மாறுனாங்க. இந்தியாவுக்கு அது 2011லதான் வருது, கேட்பரி பேருல, அப்ப இந்தக் கதையெல்லாம் முடிஞ்சு போச்சு.

இன்னொண்ணு, அது க்ரீமே இல்ல. பால்லேந்து எடுத்த ஆடைன்னு நெனச்சுக்கிட்டு புள்ளைக்கி சத்துன்னு குடுக்கறவங்கள நான் பாத்திருக்கேன். அது மாவா அரைச்ச சீனி, பாமாயில் மாதிரி ஒரு கொழுப்பு, கொஞ்சம் வெனிலா வாசன, ரெண்டும் பிரியாம இருக்க லெசித்தின். அவ்ளோதான். நெத்தியில வெக்கற சந்தனம் மாதிரி கொழச்சு வெக்கறாங்க.

மொட்டை விஷயத்துக்கு வரேன், அதுக்குத்தான் லாகின் பண்ணேன், காலேஜுக்கு லேட்டாவுது சாயங்காலம் எழுதறேன்.

டபரா_செட், 7:40

அக்கா தொடரும் போட்டுட்டுப் போயிட்டாங்க

பட்டுக்கோட்டை_தென்னை, திங்கள் மதியம் 1:22

அக்கா சொன்ன அந்த "க்ரீம் இல்ல, சீனியும் கொழுப்பும்"ங்கறத நான் கண்ணால பாத்தவன். 2018 கஜா புயல். நவம்பர் 16 விடியக்காலம் அடிச்சுப் போட்டுட்டுப் போன பெறவு எங்க தெருவுல கரண்ட் இல்ல, மரம் விழுந்து ரோடு இல்ல, பால் வண்டி இல்ல, கடையில சீனி இல்ல. எங்க கொல்லையில 140 தென்னமரம், எண்ணிப் பாத்தா நின்னது ஒம்போது. நாலாம் நாளு ஒரு லாரி வந்துச்சு, மதுரப் பக்கத்துப் பசங்க, யாருன்னே தெரியாது, மெழுகுவத்தி தண்ணி பாட்டிலு பிஸ்கட்டு குடுத்துட்டுப் போனாங்க. பிஸ்கட்டுல பாதிக்கு மேல க்ரீம் பிஸ்கட்டு.

எங்கம்மாவுக்கு ஒரு நாளைக்கி நாலு வாட்டி டீ வேணும். டீத்தூள் மட்டும் டப்பாவுல இருந்துச்சு. அம்மா என்ன பண்ணுச்சுன்னா க்ரீம் பிஸ்கட்ட வரிசையா பிரிச்சு, க்ரீம ஸ்பூன் காம்பால வழிச்சு எடுத்து கொதிக்கற வரட்டீயில போட்டுக் கலக்குச்சு. இனிப்பு கரஞ்சிடுச்சு, மேல மட்டும் எண்ணெ மாதிரி வட்ட வட்டமா மெதந்துச்சு, ரசத்துல தாளிச்ச மாதிரி. அத ஊதி ஊதித் தள்ளி விட்டுட்டுக் குடிச்சோம். வழிச்ச மொட்டைய எல்லாம் எங்க அண்ணன் புள்ளைங்க தின்னுச்சுங்க, அன்னிக்கி ஒருத்தரும் மொட்டைன்னு அழுவல.

இப்பவும் வெனிலா வாசன வந்தா எனக்கு அந்த வரட்டீதான் நாக்குல வரும். சரி விடுங்க, சும்மா ஞாபகம் வந்துச்சு எழுதுனேன்.

மன்னை_மளிகை, 1:50

தம்பி எங்க கடையிலயும் அந்த வாரம் பிஸ்கட்டும் மெழுகுவத்தியுந்தான் வித்துச்சு. கடன் நோட்டுல எழுதுனதுல பாதிய நான் இன்னிக்கி வரைக்கும் கேக்கல. கேக்கவும் மாட்டேன்.

சம்பா_தாளடி, 2:10

கடைக்காரர் ஐயா, நீங்க இருக்கீங்கல்ல, ஒரு கேள்வி. 10 ரூபா பாக்கெட்டு வருஷத்துக்கு வருஷம் எளைச்சுக்கிட்டே போவுதே, யாரு கேக்கறது? உள்ள பிஸ்கட்ட விட காத்துதான் அதிகம். எனக்கு ஒரு தடவ ஒரு கம்பெனி பாக்கெட்டுல (பேரு வேணாம்) நாலு பிஸ்கட்டு பொறந்ததுலேந்தே மொட்டை, ரெண்டு பக்கம் இருக்கு நடுவுல க்ரீமே இல்ல. ஃபோன் பண்ணேன், பாக்கெட்ட பத்திரமா வெச்சிருங்க ஆளு வருவாங்கன்னானுங்க, நானும் வெச்சிருந்தேன், எறும்புதான் வந்துச்சு.

மன்னை_மளிகை, 2:45

5 ரூபா 10 ரூபாங்கறது பசங்க கையில இருக்கற காசு, அத 11 ஆக்குனா விக்காது. அதனால வெலையத் தொடாம கிராம்ல கை வெப்பாங்க. எம்ஆர்பி பக்கத்துலயே பொடி எழுத்துல ஒரு கிராம் எத்தன பைசான்னு போட்டிருக்கும், அதப் பாருங்க, அதுதான் நெசமான வெல. 10 ரூபா ஒண்ணையும் பெரிய பாக்கெட் ஒண்ணையும் பக்கத்துல வெச்சு அந்த நம்பரப் பாத்தா எதுல ஏமாறோம்னு தெரிஞ்சிடும். 2025 செப்டம்பர் 22ல பிஸ்கட்டுக்கு ஜிஎஸ்டி 18லேந்து 5 சதவீதம் ஆச்சு. அப்பறம் வந்த சரக்குல சிலதுல அதே 10 ரூபாவுக்கு கிராம் கூடி வந்துச்சு. எல்லாத்துலயும் இல்ல.

மட்டுறுத்துனர், 2:50

வரி பத்தி பேச வேற இழை இருக்கு. இங்க பிஸ்கட் மட்டும். ஏற்கனவே ஒரு பதிவ தூக்கியாச்சு.

லேப்_அக்கா, திங்கள் ராத்திரி 8:30

வந்துட்டேன். குடமுருட்டி அண்ணே, உங்க வீட்டுப் பஞ்சாயத்த அமெரிக்காவுல எம்ஐடிங்கற பெரிய யுனிவர்சிட்டிலயே எடுத்து விசாரிச்சிருக்காங்க, வெளயாட்டுக்கு சொல்லல. குழம்பு, பெயிண்ட், பேஸ்ட் மாதிரி கெட்டியாவும் இல்லாம தண்ணியாவும் இல்லாம இருக்கறது எப்படி நகருதுனு அளக்க ஒரு மெஷின் உண்டு, ரியோமீட்டர். ரெண்டு தட்டு இருக்கும், நடுவுல பொருள வெச்சு ஒரு தட்ட மட்டும் திருப்பும். யோசிச்சுப் பாருங்க, ஓரியோவே அந்த மெஷினோட வடிவந்தான், ரெண்டு தட்டு நடுவுல பேஸ்ட்டு. ஒரு ஆராய்ச்சி மாணவி ஓரியோவ அந்த மெஷின்ல ஒட்டி பாக்கெட் பாக்கெட்டா திருகிப் பாத்து, 2022ல இயற்பியல் ஜர்னல்ல கட்டுரையே போட்டாங்க. அதுக்கு ஓரியாலஜினு பேரும் வெச்சாங்க. லேப் இல்லாதவங்க வீட்லயே செஞ்சு பாக்கட்டும்னு ரப்பர் பேண்டும் சில்லறக் காசும் வெச்சு ஓடற ஒரு சின்னக் கருவியும் டிசைன் பண்ணிக் குடுத்தாங்க.

முடிவு என்னன்னா, மெதுவாத் திருகுனாலும் வேகமாத் திருகுனாலும், க்ரீம் அதிகமா இருக்கற வகையா இருந்தாலும், எந்த ஃப்ளேவரா இருந்தாலும், பெரும்பாலும் க்ரீம் ஒரே பக்கந்தான் போவுது. ஏன்னா க்ரீம் தனக்குள்ள புடிச்சுக்கற புடி, பிஸ்கட்டப் புடிச்சுக்கற புடிய விடப் பெருசு. அதனால நடுவுல கிழியாது, எந்தப் பக்கம் புடி கம்மியோ அங்க உரிஞ்சுக்கிட்டு வந்துடும். சுவத்துல சுண்ணாம்பு பொரிஞ்சு உரியுது பாருங்க, சுண்ணாம்புக்குள்ளயே ரெண்டாப் பிரியாது, சுவத்த விட்டு மொத்தமா வரும், அந்த மாதிரி.

அதனால அண்ணே, உங்க கை மேல தப்பு இல்ல.

குடமுருட்டி_அப்பா, 8:44

அக்கா கோடி புண்ணியம். வீட்டுக்காரம்மாவுக்கு சத்தமா படிச்சுக் காமிச்சேன். ஆனா எந்தப் பக்கம் புடி கம்மின்னு எப்படி முடிவாவுது? ரெண்டும் ஒரே பிஸ்கட்டு தானே?

லேப்_அக்கா, 8:52

செய்யற முறையில இருக்கும்னு அவங்க நெனக்கறாங்க. ஃபேக்டரில வேல பாத்தவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்களேன்.

ஷிஃப்ட்_முடிஞ்சவன், 11:47

நான் நாகப்பட்டினம் ஜில்லா, அஞ்சு வருஷம் வெளியூர்ல ஒரு பிஸ்கட் கம்பெனில சாண்ட்விச் லைன்ல நின்னவன். கம்பெனி பேரு கேக்காதீங்க, ஓரியோ இல்ல. இங்க எழுதறது இதான் மொத தடவ.

அக்கா சொன்னது சரி. அடிப் பிஸ்கட்டு மொதல்ல பெல்ட்ல வரும், டிசைன் கீழ, மொட்ட மொகம் மேல. அதுக்கு மேல ஒரு உருள சுத்தும், அதுல வட்ட வட்டமா ஓட்ட, அதுக்குள்ளேந்து க்ரீம் அழுத்தி வரும், ஒரு கம்பி அத அறுத்து விடும், ஒரு பொட்டு அடிப் பிஸ்கட்டு மேல உக்காரும். இது நடக்கும்போது க்ரீம் எளஞ்சூடா கொழ கொழன்னு இருக்கும், பிஸ்கட்டுல இருக்கற சின்னச் சின்ன பள்ளத்துல எல்லாம் போயி உக்காந்துக்கும். அப்பறந்தான் மேல் பிஸ்கட்டு வந்து விழுந்து லேசா அமுங்கும். அதுக்குள்ள க்ரீமோட மேல் தோலு ஆறிடும். அது ஒட்டும், ஆனா பிடிக்காது. அடுத்தது குளுர் ரூம். சுடு சோத்துல நெய் விடறதுக்கும் ஆறுன சோத்துல விடறதுக்கும் உள்ள வித்தியாசந்தான்.

ஒடஞ்சது வீணாப் போவாது, அரைச்சு மறுபடி மாவுல கொஞ்சம் கொஞ்சமாக் கலந்துடுவோம். மொத மாசம் நான் ரூமுக்கு வந்து குளிச்சாலும் வெனிலா வாசன போவாது. ஊருக்கு பஸ்ல வந்தா பக்கத்து சீட்டுக் கொழந்த என்னையே மோந்து பாக்கும். இப்ப அந்த பிஸ்கட்டத் திங்கறதில்ல, வெறுப்புன்னு இல்ல, என்னமோ கை போவாது.

டபரா_செட், செவ்வாய் காலை 6:10

இந்த இழை எங்கயோ ஆரம்பிச்சு எங்கயோ போயிடுச்சு, காலங்காத்தால காப்பி ஆறிப் போச்சு படிச்சதுல. ஒரு சந்தேகம், அது ஏன் அவ்ளோ கறுப்பு? கோக்கோ பழுப்பு தானே. கரி கலக்கறானுங்களோ?

லேப்_அக்கா, 7:05

கரி இல்ல தம்பி. கோக்கோ இயற்கையா கொஞ்சம் புளிப்பு. அதுல காரம் (மொளகாக் காரம் இல்ல, ஆசிடுக்கு எதிரான பொருள்) சேத்து பதப்படுத்துனா புளிப்பு போயி நெறம் கறுக்கும். வான் ஹூட்டன்னு ஒரு நெதர்லாந்துக் குடும்பம் 1800கள்ல கண்டுபிடிச்ச முறை. ரொம்ப பதப்படுத்துனா அந்தக் கறுப்பு வரும். கூடவே கசப்பும் சாக்லேட் வாசனையும் கொறஞ்சிடும், அதான் ஓரியோவ தனியா மொட்டையாத் தின்னா சாக்லேட் மாதிரியே இருக்காது, ஒரு உப்பும் கருகலுமா இருக்கும். எனக்கு மொட்டைதான் புடிக்கும், என்னைய உங்க வீட்டுக்கு தத்து எடுத்துக்குங்க அண்ணே.

குடமுருட்டி_அப்பா, புதன் ராத்திரி 10:20

முடிவு சொல்ல வந்திருக்கேன். நேத்து லீவு போட முடியல, அதனால இன்னிக்கி சாயங்காலம் பொண்ண அசிஸ்டண்டா வெச்சுக்கிட்டு ஆராய்ச்சி பண்ணேன். ரெண்டு பாக்கெட்டு.

மொத பாக்கெட்ட ஒரு முனையில கிழிச்சு, வந்த வரிசையிலயே, வந்த தெசையிலயே எடுத்து ஒண்ணொண்ணா திருகுனோம். ஒண்ணு ஒடஞ்சு போச்சு, அது போக மிச்சம் எல்லாத்துலயும் க்ரீம் ஒரே தெசையில, அதாவது நாங்க கிழிச்ச முனையப் பாத்த பக்கத்துல ஒட்டிக்கிட்டு வந்துச்சு. எனக்கு புல்லரிச்சுப் போச்சு. ரெண்டாவது பாக்கெட்டுலயும் அப்படியே எல்லாம் ஒரே தெச, ஆனா இந்த வாட்டி எதிர் முனைப் பக்கம். ஷிஃப்ட் தம்பி சொன்னத வெச்சுப் பாத்தா சரியாத்தான் இருக்கு, அடிப் பிஸ்கட்டு எல்லாம் ஒரே பக்கமாப் படுத்துதானே பாக்கெட்டுக்குள்ள போவும், பாக்கெட்ட நாமதான் எந்த முனையில வேணா கிழிக்கறோம்.

ஃப்ரிட்ஜுலயும் வெச்சுப் பாத்தேன். ஃப்ரீசர்ல கால் மணி நேரம். ஓரத்துல கத்தி நுனிய விட்டு நெம்புனா ரெண்டு பக்கமும் மொட்டையாயி, க்ரீம் மட்டும் பழைய ஒத்த ரூபா காசு மாதிரி தனியா டக்குனு விழுந்துச்சு. அத நறுக்குனா சரி பாதி. மொட்டையும் ஆளுக்கு ஒண்ணு. நியாயம்னா அதான் நியாயம், ஆனா ஒரு பிஸ்கட்டுக்கு கால் மணி நேரம் காத்திருக்கற புள்ள எங்க வீட்ல பொறக்கல. வீட்டுக்காரம்மா "இதுக்கு இன்னொரு பாக்கெட் வாங்கியாந்தா என்ன"ன்னு ஒரு வார்த்த கேட்டுட்டு உள்ள போயிட்டாங்க.

மன்னை_மளிகை, 10:31

அவங்கதான் சரியான ஆளு. கடைக்கி அனுப்பி வைங்க.

குடமுருட்டி_அப்பா, வியாழன் ராத்திரி 9:02

ஒரு சின்ன சங்கடம். இன்னிக்கி பொண்ணுதான் பாக்கெட்ட கிழிச்சா. மொத பிஸ்கட்டத் திருகி எந்தப் பக்கம்னு பாத்துக்கிட்டா. கடசில ஒண்ணு மிஞ்சுச்சு, நான் சண்டைக்கு ரெடியா உக்காந்திருக்கேன், அவ ரொம்ப அமைதியா, "தம்பி, அக்காவுக்கு இந்தப் பக்கம், உனக்கு அந்தப் பக்கம், நீயே திருகுடா, நான் தொடக்கூட மாட்டேன்"ங்கறா. பையனுக்கு ஒரே சந்தோஷம், அக்கா விட்டுக் குடுத்துட்டாளேன்னு. அவன் கையாலயே திருகுனான், மொட்டை அவனுக்கு. தானே திருகுனதால அழவும் முடியல, "ச்சே"ன்னு மட்டும் சொல்லிட்டுத் தின்னுட்டான்.

பொண்ணு என்னையப் பாத்து கண்ணக் காட்டுறா. நான் என்ன பண்றது, அவன்கிட்ட சொல்லிடவா?

லேப்_அக்கா, 9:10

சொல்லாதீங்க அண்ணே. ரெண்டாவது தானே படிக்கறான், அவனா கண்டுபிடிக்கட்டும்.

டபரா_செட், 9:11

அவன் கண்டுபிடிக்கறதுக்குள்ள பொண்ணு பாக்கெட்ட மாத்திக் கிழிக்கக் கத்துக்கும் பாருங்க.